நான்காவது கிண்ணம்

மனிதன் சொல்லும் பொய்களுள் மிக எளிதாகத் தப்பிவிடுவது எது என்று கேட்டால், முழுப் பொய்யை நான் சுட்டமாட்டேன். முழுப் பொய்க்கு ஒரு முகம் உண்டு. என்றேனும் ஒரு நாள் அது பிடிபடும். உண்மையில் முக்கால் பங்கைச் சொல்லிவிட்டு, எஞ்சிய கால் பங்கை நாவின் அடியில் வைத்துக்கொள்கிறோமே, அந்தச் சொல்தான் ஊரெங்கும் நல்லவர் வேடத்தில் உலவுகிறது. சொன்னவர் தம்மைப் பொய்யர் என்று கருதுவதில்லை. கேட்டவரும் அவ்வாறு கருதுவதில்லை. அத்தகைய சொல் ஒன்றை நானும் சொன்னேன். அதன் எடை எவ்வளவு என்பதை எனக்குக் கற்பித்தது, என் தம்பியின் பிக்கப் வண்டிக்கு அடியில் சுழலும் உள்ளங்கை அளவேயான ஓர் இரும்புத் துண்டு.

அந்த இரும்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுதல் நன்று. இத்தகைய வண்டியில் எஞ்சின் முன்னால் இருக்கிறது. சுமையைத் தள்ளிச் செல்லும் சக்கரங்கள் பின்னால் இருக்கின்றன. எஞ்சினின் ஆற்றலைக் கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குக் கொண்டு சேர்ப்பது நீண்டதோர் இரும்புக் குழாய். பட்டறைகளில் அதைப் புரொப்பெல்லர் ஷாப்ட் என்பார்கள். சுழல்தண்டு என்று நாம் சொல்லிக்கொள்வோம். கியர் பெட்டி வண்டியின் சட்டத்தோடு பிணைக்கப்பட்டது. பின் அச்சோ பட்டை ஸ்பிரிங்குகளோடு சேர்ந்து ஒவ்வொரு மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்குவது. ஆகவே சுழல்தண்டின் சாய்வு கணத்துக்குக் கணம் மாறுகிறது. நேரான இரும்பு வளையாது. ஆனால் இங்கே அது வளைந்து கொடுக்கவும் வேண்டும், இடையறாது சுழலவும் வேண்டும்.

இந்த இக்கட்டைத் தீர்ப்பதே யூனிவர்சல் ஜாயின்ட். தண்டு ஒரே துண்டாயின் இரு முனையிலும் ஒவ்வொன்று இருக்கும்; இரு துண்டாயின் மூன்று இருக்கும். அதன் நடுவில் கூட்டல் குறியின் வடிவில் ஓர் இரும்பு உண்டு. அதைக் கிராஸ் என்று அழைப்பர். அதன் நான்கு கால்களுள் எதிரெதிரான இரண்டை ஒரு கவையும், மற்ற இரண்டை இன்னொரு கவையும் பற்றிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு காலின் மீதும் ஒரு சிறு கிண்ணம் கவிழ்ந்திருக்கும். கிண்ணத்தின் உட்சுவரை ஒட்டி ஊசி போன்ற மெல்லிய உருளைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும்.

மூட்டு என்று தமிழில் சொல்கிறோம். மூட்டுதல் என்றால் இணைத்தல், தைத்தல். அரபு மொழியிலோ மூட்டுக்கு ‘மஃப்ஸில்’ என்று பெயர். அதன் வேர்ச்சொல்லுக்குப் பிரித்தல் என்பது பொருள். ஒரே உறுப்பை ஒரு மொழி இணைப்பாகக் கண்டது. மற்றொரு மொழி பிரிவாகக் கண்டது. பாடம் நடத்துகையில் இதை ஒரு சொல்நயமாக மட்டுமே மாணவர்களுக்குச் சொல்லிவந்தேன். வண்டியின் அடியில் பார்த்த பிறகுதான் இரண்டும் ஒருசேர உண்மை என்று விளங்கிற்று. கால் கிண்ணத்தைத் தொடாமல் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இணைந்தவற்றுக்கு இடையே மெல்லிய பிரிவு ஒன்றைக் காத்து நிற்பது, விரல் நுனியில் அள்ளக்கூடிய சிறிதளவு கிரீஸ்.

இவ்விணைப்பின் வரலாறும் கருதத்தக்கது. இத்தாலி நாட்டு மருத்துவரும் கணித அறிஞருமான ஜெரோலாமோ கார்டானோ (1501–1576) ஒன்றனுள் ஒன்று சுழலும் வளையங்களை விவரித்து எழுதினார். அவருக்கு முன்பே அவை வழக்கில் இருந்தன. எனினும் ஜெர்மனி முதலிய நாடுகளில் சுழல்தண்டு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் 1676இல் வெளியிட்ட நூலில் இந்த மூட்டை விளக்கியதால், ஆங்கிலத்தில் அதற்கு அவருடைய பெயரும் உண்டு. இதே கார்டானோ 1545இல் வெளியிட்ட தமது பெரும் கணித நூலின் தொடக்கத்திலேயே, அல்ஜீப்ராக் கலை முஹம்மது இப்னு மூஸா அல்-குவாரிஸ்மியிடமிருந்து வந்தது என்று பதிந்துவைத்தார். சொல்லாமல் விட்டிருந்தால் அன்று கேட்பார் எவர்? கேட்பார் இல்லாத இடத்திலும் முழுமையாகச் சொல்வதே சாட்சியம். இந்தக் கட்டுரையின் பொருளும் அதுவே.

ஊசிகள் ஏன் தேய்கின்றன?

தண்டு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுழலலாம். ஆனால் கிண்ணத்தினுள் இருக்கும் ஊசிகள் காலை முழுதாகச் சுற்றி வருவதில்லை. மூட்டு எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அந்தச் சிறு அளவுக்கே அவை முன்னும் பின்னும் அசைகின்றன. ஆகவே சுமை முழுவதும் மீண்டும் மீண்டும் ஒரே இடத்தில் விழுகிறது. அவ்விடத்தில் கிரீஸ் வறண்டுவிட்டால் ஊசிகள் காலின் மேல் வரிவரியாகத் தழும்பிட்டு, பள்ளம் பறித்துவிடும். இதிலே ஒரு விந்தையும் உண்டு. சாய்வே இல்லாமல் மூட்டை நேர்க்கோட்டில் வைத்தால் ஊசிகள் அசையவே மாட்டா. அதனாலும் தழும்பு விழும். எனவே வண்டியை வடிவமைப்போர் ஏறத்தாழ 1 பாகையேனும் சாய்வு இருக்கும்படி பார்த்துக்கொள்கின்றனர். சிறிதும் வளையாத மூட்டு நெடுநாள் வாழ்வதில்லை.

கிரீஸ் ஏற்றுவதற்குக் கிராஸில் ஒரு சிறு நிப்பிள் இருக்கும். (நிப்பிள் இல்லாமல் மூடிவரும் மூட்டுகளும் உண்டு, அவற்றுக்குக் கிரீஸ் அடிக்க இயலாது, தேய்ந்தால் மாற்றவேண்டியதே.) முதலில் நிப்பிளைத் துணியால் துடைக்க வேண்டும், துடையாமல் அடித்தால் மேலே ஒட்டிய மணல் கிரீஸோடு உள்ளே போய்விடும். நிப்பிளில் புகும் கிரீஸ், கிராஸின் உள்ளே துளைக்கப்பட்ட வழிகள் வாயிலாக நான்கு கால்களுக்கும் பிரிந்து செல்லும். கிண்ணத்தின் விளிம்பில் இருக்கும் சீலைத் தள்ளிக்கொண்டு முதலில் பழைய கருத்த கிரீஸ் வரும். பிறகு புதியது தன் நிறத்தோடு வரும். நான்கு விளிம்புகளிலும் புதியது தலைகாட்டினால்தான் வேலை முடிந்தது.

இடர்ப்பாடு இங்கேதான் உள்ளது. அழுத்தித் தள்ளப்பட்ட கிரீஸ் எளிதான வழியையே நாடும். ஒரு கிண்ணத்தில் பழைய கிரீஸ் இறுகியிருந்தாலோ சீல் கடினமாக இருந்தாலோ, அதை விட்டுவிட்டு மற்ற மூன்றின் வழியே தாராளமாக வழிந்தோடும். மேற்கொண்டு எவ்வளவு அடித்தாலும் அந்த மூன்றுக்கே போய்ச்சேரும். அப்பொழுது தண்டைச் சற்றுத் திருப்பி, மூட்டைப் பக்கவாட்டில் அசைத்து, மீண்டும் அடித்துப் பார்க்க வேண்டும். அப்படியும் வராவிடில் அதைக் கழற்றியே பார்க்க வேண்டும். மூன்றில் வந்துவிட்டதே என்று எழுந்துவிட்டால், ஒரு கால் வறண்ட நிலையிலேயே வண்டி சாலைக்குப் போகும்.

நான் சொன்ன சொல்

என் தம்பி கீழக்கரையிலிருந்து மதுரைக்கு மீன் ஏற்றிச் செல்பவன். மீன் வண்டியின் அடிப்பகுதிக்கு ஓயாத சோதனை உண்டு. பனிக்கட்டி உருகிய நீர் மீனின் உப்போடு கலந்து வழிநெடுகச் சொட்டிக்கொண்டேயிருக்கும். உப்பு நீர் சீலைத் தாண்டி ஊசிகளை அடைந்தால் அங்கே துரு பிடிக்கும். ஆதலால் அவன் கையேட்டின் கணக்குக்கு முன்பாகவே தன் கையால் கிரீஸ் அடிப்பதை வழக்கமாக வைத்திருந்தான்.

2017ஆம் ஆண்டில் ஒரு நாள் மாலை, இருட்டும் வேளை. தண்டைத் திருப்ப வேண்டுமாகையால் கியரை நியூட்ரலில் வைத்து, வண்டி உருளாதபடி சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, தம்பி அடியில் படுத்திருந்தான். நான் பக்கவாட்டில் மண்டியிட்டு டார்ச் பிடித்தேன். பின் மூட்டின் மேற்புறக் கிண்ணம் அவன் படுத்திருந்த இடத்திலிருந்து தெரியாது. எனக்கோ தலையைச் சற்றுச் சாய்த்தால் தெரியும்.

“காக்கா, எல்லாத்துலயும் வருதா, பாருங்க” என்றான்.

என் முழங்கால் வலித்தது. வீட்டில் ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். மூன்று கிண்ணங்களின் விளிம்பில் புதிய கிரீஸ் மின்னியதைக் கண்டேன். தலையைச் சாய்க்கவில்லை. “வருது, வருது” என்றேன். அவன் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

இரண்டரை மாதங்கள் சென்றன. இடையில் வண்டி மெல்லப் போகையில் அடியிலிருந்து குருவி கத்துவதுபோல் ஒரு கீச்சொலி கேட்டது. ரிவர்ஸ் கியர் போட்டுக் கிளட்சை விடும்போது ‘டக்’ என்று ஓர் ஓசை எழுந்தது. இரண்டும் மூட்டு வறண்டதன் அடையாளங்கள். அவன் அறியாதவன் அல்லன். ஆயினும், “ஜாயின்ட்டுக்குத்தான் கிரீஸ் அடிச்சிருக்கோமே, காக்கா பார்த்தாங்களே” என்று நினைத்து, பட்டை ஸ்பிரிங்குகளையும் கியர் பெட்டியின் தாங்கிகளையும் ஆராய்ந்துகொண்டிருந்தான். என் சொல் ஒரு கிண்ணத்துக்குக் கிரீஸ் போகாமல் தடுத்தது மட்டுமன்று. அந்த இடத்தைத் திரும்பப் பார்க்காதபடி அவன் கண்ணையும் கட்டிவிட்டது. பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தால் அவன் பார்த்திருப்பான்.

பரமக்குடியைத் தாண்டி மானாமதுரை நோக்கிச் செல்கையில், விடியுமுன் அந்த மூட்டு உடைந்தது. தண்டின் பின்முனை கழன்று விழுந்து சாலையில் மோதி அறைந்தது. கிண்ணம் ஒன்று தெறித்தது. பின்னால் மோட்டார் சைக்கிளில் ஒரு கணவனும் மனைவியும், இடையில் ஒரு குழந்தையும் வந்தனர். ஓசை கேட்டு அவர் ஒதுங்கினார். வண்டி மண்ணில் சரிந்தது. குழந்தைக்கு ஒன்றுமில்லை, தாய்க்கு முழங்கையில் சிராய்ப்பு. பிரேக்குக்குப் பழுது இல்லாததால் தம்பி வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு ஓடிச்சென்று அவர்களைத் தூக்கிவிட்டான். பெயரைக் கேட்பதற்குள் அவர்கள் புறப்பட்டுப் போய்விட்டனர்.

அன்று முற்பகலில் பட்டறையில் அந்தக் கிராஸைக் கழற்றினார்கள். தம்பி அதை ஒரு காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். மூன்று கால்கள் கண்ணாடிபோல் பளபளத்தன. நான்காவது, செங்கல் பொடி தூவியதுபோல் சிவந்து, தேய்ந்து, பாதியாயிருந்தது. “மூணு நல்லா இருக்கு, ஒண்ணு மட்டும் எப்படிப் போச்சுன்னே புரியல, காக்கா” என்றான். எனக்குப் புரிந்தது.

அது பொய்யா?

அன்றிரவு நான் என்னோடு வழக்காடினேன். நான் சொன்னது பொய்யா? கிரீஸ் வந்தது உண்மை. ‘வருது’ என்றதும் உண்மை. நம் இலக்கணம் இதற்கு வசதி செய்து தருகிறது. எழுவாயை வெளிப்படச் சொல்லாமலே தமிழில் பேசலாம். அதைத் தோன்றா எழுவாய் என்கிறோம். ‘வருது’ என்றால் எது வருகிறது, எத்தனையில் வருகிறது என்று சொல்லவேண்டியதில்லை. அரபு அணியிலக்கணத்தில் ‘தவ்ரியா’ என்றொரு முறை உண்டு; ஒரு சொல்லின் அண்மைப் பொருளைக் கேட்பவர் கொள்வார், சொல்பவரோ சேய்மைப் பொருளைக் கருதியிருப்பார். கவிதையில் அது அழகு. கிரீஸ் கன்னைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பவனிடம் அது வஞ்சகம். ‘எல்லாத்துலயும்’ என்று அவன் கேட்டான். ‘எல்லாம்’ என்ற சொல்லை நான் விடையில் விழுங்கினேன். இரு மொழி இலக்கணம் பயின்றவன் தோன்றா எழுவாயின் பின்னே ஒளிந்துகொண்டேன்.

இவ்வளவு சிறிய செயலை இத்தனை பெரிதாக்குவதா என்று சிலர் கேட்கலாம். மனிதனால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா என்றும் வினவலாம். முறையான கேள்விகளே. எல்லாவற்றையும் பார்க்கும் கடமை எவருக்கும் இல்லை. கிரீஸ் அடிக்கும்தோறும் மூட்டைக் கழற்றிச் சோதிக்கவேண்டும் என்று எவரும் சொல்லார். சீலுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்து அதனால் உடைந்திருந்தால், அதற்கு நான் பொறுப்பாளி அல்லேன். ஆனால் ஒன்றைப் பார்க்கும்படி என்னை ஒருவன் கேட்டு, பார்க்கக்கூடிய இடத்தில் நான் இருந்து, பார்க்காமலே விடையும் சொன்னால், அங்கே என் அறியாமை ஒரு சாக்கு ஆகாது. காணமுடியாமை வேறு, காண மறுத்தல் வேறு. தலையைச் சாய்க்க எனக்கு வேண்டியிருந்தது ஒரு நொடி.

வண்டியில் இருந்த மீன் பிறருடையது. வேறு வண்டி கிடைப்பதற்குள் அது கெட்டது. பிறர் பொருளை அமானிதமாக ஏற்றவர், தம் கவனக்குறைவின்றி அது அழிந்தால் ஈடு செய்யவேண்டியதில்லை. கவனக்குறைவு இருந்தால் ஈடு செய்தாக வேண்டும். இது சட்ட நூல்களில் நான் பல்லாண்டு கற்பித்த பாடம். அப்பாடம் இப்பொழுது என் வாசலில் வந்து நின்றது. தம்பி தன் கைப்பொருளிலிருந்து மீனுக்கு உரிய விலையைக் கொடுத்துக்கொண்டிருந்தான், குறை யாருடையது என்று அறியாமலே.

மறுநாள் அவனிடம் சொன்னேன். மேற்புறக் கிண்ணத்தை நான் பார்க்கவில்லை என்றேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “நான் தண்டைத் திருப்பி நானே பார்த்திருக்கணும், காக்கா. அது என் வண்டி” என்றான். அவன் பெருந்தன்மை என் குறையைக் குறைத்துவிடவில்லை. இரண்டு பேர் ஒரு பிழையை ஏற்பதால் அது பாதியாகிவிடாது. இருவருக்கும் அது முழுப் பிழையே. மீன் விலையில் என் பங்கை அவன் மறுத்தும் கொடுத்தேன். மோட்டார் சைக்கிளில் வந்தவர்களுக்கு நான் கொடுக்கவேண்டியது இன்றும் நிலுவையில் இருக்கிறது. அவர்கள் முகம் எனக்குத் தெரியாது. என் பெயர் அவர்களுக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்க ஆள் இல்லாத கடன் அது. மறைவில் செய்யும் குறையின் கொடுமையே இதுதான்: அதன் விலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் நம்மோடு பேரம் பேசாத மூன்றாமவர்.

சுழல்தண்டின் இயல்பு ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. சாய்ந்த மூட்டு ஒன்று தனியே சீரான வேகத்தைக் கொடுக்காது. ஒவ்வொரு சுற்றிலும் இரு முறை விரையும், இரு முறை தளரும். மறுமுனையில் உள்ள மூட்டு அந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யும், தண்டின் இரு கவைகளும் ஒரே நேரில் நின்று, சாய்வும் சமமாக இருந்தால். நேர் தவறி மாட்டிவிட்டால் சரிசெய்வதற்குப் பதிலாகக் குறையைக் கூட்டிவிடும். வண்டி முழுவதும் அதிரும். அதனால்தான் கழற்றும் முன் இரு பக்கமும் சுண்ணக்கட்டியால் குறியிட்டுக்கொள்கின்றனர். உடன் உழைப்பவர் இருவரின் நிலையும் அதுவே. ஒருவன் காணாததை மற்றவன் காண்பான் என்பதற்காகவே இருவர் நிற்கிறோம். காண்பதாகச் சொல்லிக் காணாதவன், துணையாக நிற்பதைவிட நில்லாதிருப்பதே மேல்.

இப்பொழுதும் தம்பி கிரீஸ் அடிக்கையில் நான் டார்ச் பிடிப்பதுண்டு. அவன் “வருதா” என்று கேட்பதில்லை. நானும் “வருது” என்று சொல்வதில்லை. தண்டைக் கால் சுற்றுத் திருப்பித் திருப்பி, “ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு” என்று நான் எண்ணுகிறேன். நான்கு வரும்வரை அவன் எழுவதில்லை.

வகுப்பறையிலும் எனக்கு ஒரு மாறுதல் நேர்ந்தது. “விளங்கிற்றா?” என்று கேட்டால் மூன்று குரல்கள் “விளங்கிற்று” என்னும். அந்த மூன்று குரலைக் கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவது என் நெடுங்கால வழக்கம். நான் கொடுக்கும் பாடமும் எளிதான வழியையே தேடி ஓடியிருக்கிறது. வாங்கிக்கொள்பவனுக்கே மேலும் மேலும் போய்ச்சேர்ந்திருக்கிறது. சுவரோரம் தலை குனிந்திருந்த நான்காமவன் எத்தனை ஆண்டுகள் வறண்டு கிடந்தானோ! அவனைப் பற்றியும் நான் பெற்றோரிடம், “பாடம் நடக்கிறது” என்றே சொல்லி வந்திருக்கிறேன். அதுவும் தோன்றா எழுவாய்தான்.

கொடுத்தவனின் களைப்பைக் கொண்டு கடமையை அளப்பது நம் இயல்பு. இத்தனை முறை அழுத்தினேன், இவ்வளவு கிரீஸ் செலவாயிற்று என்று கணக்குச் சொல்கிறோம். ஆனால் சாலையில் வண்டியைத் தாங்குவது செலவான கிரீஸ் அன்று, சேர்ந்த கிரீஸ். தானம் தருவோர், பங்கு பிரிப்போர், கணக்கில் ஒப்பமிடுவோர், பிள்ளை வளர்ப்போர் ஆகிய அனைவரும் எழுமுன் ஒரு கணம் தலையைச் சாய்த்துப் பார்க்கட்டும். பார்க்க இயலவில்லையெனில், பார்க்கவில்லை என்று வாய் திறந்து சொல்லட்டும். அந்தச் சொல்லும் ஒரு பாதுகாப்பே.

சிவந்து தேய்ந்த அந்தக் கிராஸ் இன்னும் என் மேசையில் காகிதங்களுக்குப் பாரமாக இருக்கிறது. நான்காவது கால் என் பக்கம் பார்த்திருக்கும்படி அதை வைத்திருக்கிறேன்.